லூச்சியாவுக்கு முதற்பந்தி

மகள் மெலனியைப் பார்த்துக்கொள்ள இத்தாலியிலிருந்து ஒரு பெண்ணை வீட்டோடு வைத்துக்கொள்ளப் போவதாக றீற்றா சொன்னபோது, அதே நகரில் வெக்ஸ்போர்ட் பக்கம் இருந்த அவளுடைய சொந்தக்காரர்கள் வாயில் கைவைத்தார்கள். வெள்ளைக்காரப் பிள்ளையை வேலைக்கு வைத்துக்கொள்ளும் அளவுக்கு இவள் எப்போது பெரிய ஆளானாள் என்பது அவர்களுடைய கவலை. றீற்றா ஆஸ்பத்திரியில் தாதி. கணவன் ஜஸ்ரின் டிரக் ஓட்டுபவன். இருவருடைய ஷிப்ட்டுக்கும் நடுவில் ஐந்து வயது மெலனி படும் பாட்டைச் சொந்தக்காரர்கள் யாரும் வந்து பார்த்ததில்லை.

ஆள் அனுப்பும் ஏஜென்சியின் இணையப் பக்கத்தில் இத்தாலியர்களைப் பற்றி எழுதியிருந்ததை றீற்றா கணவனுக்கு வாசித்துக் காட்டினாள். குடும்பம்தான் அவர்களுக்கு உயிர். தேவாலயத்தில் ஞாயிறு பூசை. பூசை முடிந்தால் எல்லோரும் ஒரே மேசையில் கூடியிருந்து நெடுநேரம் சாப்பிடுவார்கள்.

“அப்ப எங்கட ஆக்கள்தான். கறிக்குத் தூள் போடாயினம், அவ்வளவுதான்,” என்றான் ஜஸ்ரின்.

லூச்சியா வந்த அன்று றீற்றா மேசைக்குப் புது விரிப்புப் போட்டு, முள்ளுக்கரண்டி வைத்து, பாஸ்தா செய்து, பக்கத்தில் நின்று பரிமாறினாள். வந்தவரை முதலில் இருத்தி, அவர் கை கழுவிய பிறகே வீட்டார் உட்காருவதுதான் அவள் வளர்ந்த வீட்டு மரியாதை.

“நீங்கள் சாப்பிடவில்லையா?” என்று லூச்சியா ஆங்கிலத்தில் கேட்டாள். அவர்களுக்குள் எல்லாப் பேச்சும் ஆங்கிலம்தான்.

“பிறகு, பிறகு. நீ சாப்பிடு.”

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாட்களும் அப்படியே. லூச்சியா சாப்பிட்டு, பேஸ்மென்டில் இருந்த தன் அறைக்கு இறங்கிய பிறகுதான் சோறும் மீன்குழம்பும் மேசைக்கு வரும். மூவரும் கையால் குழைத்து, முள்ளை உறிஞ்சி, சத்தமாகக் கதைத்துச் சாப்பிடுவார்கள். அந்தக் கதையில் லூச்சியாவின் தலையும் அடிக்கடி உருளும். கொஞ்ச நாளில் அவள் கேட்பதை விட்டாள். பிறகு தட்டைத் தன் அறைக்கே கொண்டுபோகத் தொடங்கினாள்.

“ராசாத்தி மாதிரிக் கவனிக்கிறன், அவவுக்கு எங்கட மேசையும் பிடிக்கேல்லையாம்,” என்று றீற்றா பொருமினாள்.

ஆனால் மெலனி அவளோடு ஒட்டிக்கொண்டுவிட்டாள். லூச்சியாவின் ஒப்பந்தம் முடியப்போகிறது, இன்னொரு வருடம் இருப்பாளா என்பதுதான் இப்போது வீட்டில் பெரிய கேள்வி. அவள் போய்விட்டால் றீற்றா வேலையை விடவேண்டியதுதான். அம்மாவிடம் பேசிச் சொல்வதாக லூச்சியா சொல்லியிருந்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அவள் தொலைபேசியைக் கொண்டுவந்து நீட்டினாள். திரையில் அவளுடைய அம்மா நெஞ்சில் கைவைத்து என்னவோ சொன்னார். லூச்சியா றீற்றாவைப் பார்க்காமல் மொழிபெயர்த்தாள்.

“அந்நிய வீட்டில் நான் தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டி வருமோ என்று அம்மா பயந்தாராம். ஒவ்வொரு நாளும் என்னை உங்களோடு இருத்திச் சாப்பிட வைப்பதற்கு நன்றி சொல்கிறார். இப்படி ஒரு வீட்டில் இன்னொரு வருடம் இருக்க அவருக்குச் சம்மதமாம்.”

அந்தத் தாய் கன்னத்தில் அறைந்திருந்தால்கூட றீற்றா தாங்கியிருப்பாள். தலையாட்டிச் சிரித்து வைத்தாள்.

“அம்மாவிடம் ஏன் பொய் சொன்னாய்?” என்று பிறகு கேட்டாள்.

“உண்மையைச் சொன்னால் அழுவார்.”

“எங்கள் வழக்கத்தில் விருந்தாளிக்குத்தான் முதற்பந்தி. அது மரியாதை, லூச்சியா.”

லூச்சியா யோசித்தாள். “முதல் நாள் சரி. பனி கொட்டிக் கரைந்தும் போய்விட்டதே. இன்னும் நான் விருந்தாளியா?”

றீற்றா கணவனைப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்தான். மரியாதையெல்லாம் முதல் வாரத்தோடு முடிந்துபோனது அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அது வசதி. தங்கள் பாட்டில் கதைக்கும் வசதி.

“நாங்கள் கையால் சாப்பிடுவதை நீ பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது,” என்றாள். “உன்னைப் பற்றியும் கதைத்தோம். அதற்கும்தான்.”

“என் அப்பா மீன்பிடிப்பவர். நாங்களும் மீனைக் கையால் பிய்த்துத்தான் தின்போம்,” என்றாள் லூச்சியா. “கேட்டிருக்கலாம்.”

அன்று மத்தியானம் றீற்றா மேசையில் நாலு பேருக்கும் ஒன்றாகத் தட்டு வைத்தாள். மெலனி தன் கதிரையை லூச்சியாவின் கதிரையோடு இழுத்து ஒட்டிவைத்தாள். லூச்சியா கை கழுவி வந்து உட்கார்ந்து, மீனின் முள்ளை லாவகமாக எடுத்து, சதையை மெலனியின் தட்டில் வைத்தாள். குழம்பின் உறைப்புக்குக் கண் கலங்கியும் தண்ணீர் கேட்கவில்லை.

“நான் வேறொரு வீட்டில் வேலைக்குச் சேரச் சரி சொல்லிவிட்டேன்,” என்றாள் மெதுவாக. “போன வாரமே. அம்மாவுக்கு இனித்தான் சொல்லவேண்டும்.”

மெலனி இன்னொரு துண்டு மீன் கேட்டாள். போகாதே என்ற சொல் றீற்றாவின் வாய்வரைக்கும் வந்தது. எந்த முகத்தோடு அதைச் சொல்வது? சோற்றுக் கரண்டியை எடுத்தவள், தன்னை அறியாமல் தமிழிலேயே கேட்டாள்.

“இன்னும் கொஞ்சம் போடட்டே, பிள்ளை?”

லூச்சியா தட்டை நீட்டினாள்.