தேடியவர் பட்டியல்

காலை ஒன்பது மணிக்குள் தொழிற்சாலையின் அந்த வரிசையில் நாலாயிரம் மீன் போய்விட்டிருந்தது. வயிறு கிழிக்கும் இயந்திரம் வேலையை முக்கால்வாசிதான் முடிக்கும். முதுகெலும்பை ஒட்டி உறைந்திருக்கும் ரத்தத்தை மனிதக் கைதான் எடுக்க வேண்டும். ரான்வெய் இடது கையால் சால்மனின் வயிற்றை விரித்தாள், வலது கையிலிருந்த உறிஞ்சு குழாயை ஒரே இழுப்பாக இழுத்தாள், அடுத்த மீனுக்குப் போனாள். மீனுக்கு மூன்று நொடி. பதினோரு வருஷமாக அவள் குடும்பம் அந்த மூன்று நொடியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பருத்திக் கையுறைக்கு மேல் ரப்பர் கையுறை போட்டும் விரல் நுனிகள் மரத்துப் போயிருந்தன.

வழக்கமாக யாராவது பாட்டுப் போடச் சொல்வார்கள். அன்று ஒருவரும் கேட்கவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்ததும் பன்னிரண்டு பேரை வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப் போவதாகவும், பெயர்ப் பட்டியல் வெள்ளிக்கிழமை வருமென்றும் மேற்பார்வையாளர் ஆர்வித் சொல்லியிருந்தார். அன்று திங்கள். வெள்ளிக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

காபி அறை மேசையில் உள்ளூர்ப் பத்திரிகை விரிந்து கிடந்தது. முதல் பக்கத்தில், தீவின் விளையாட்டரங்கான பிரெக்கெ ஹாலில் எடுத்த படம். நடுவில் முதலாளி தோர்லைவ் பிரெக்கெ, சுற்றிலும் ஹேண்ட்பால் ஆடும் பெண் பிள்ளைகள். முன்வரிசையில் ரான்வெய்யின் பதினைந்து வயது மகள் சுன்னிவா, கோல்கீப்பர் உடுப்பில். 'சொத்துவரி உயர்ந்தால் இந்த ஹாலுக்குப் பூட்டு' என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பணக்காரர்களின் மொத்தச் சொத்துக்கும் போடும் இந்த வரியை மந்திரி சொன்னபடி உயர்த்தினால் தொழிற்சாலையில் ஆளையும் ஹேண்ட்பால் மன்றத்துக்குக் கொடுப்பதையும் குறைக்க வேண்டிவரும், சுவிட்சர்லாந்துக்குக் குடிபோவது பற்றியும் யோசிக்கிறேன் என்று தோர்லைவ் சொல்லியிருந்தார்.

ரான்வெய்யின் பக்கத்தில் நின்று வேலை செய்யும் டைவா பத்திரிகையைத் தன் பக்கம் திருப்பினாள். லித்துவேனியாவிலிருந்து வந்து ஆறு வருஷம் ஆனவள்.

"உன் பொண்ணு படத்துல அழகா இருக்காடி. நடுவுல நிக்கிறவர்தான் இப்ப அழுதுடுவார் போல இருக்கு."

"இதுல என்ன சிரிப்பு?" என்றார் ஆர்வித். "மூணு வருஷமா இந்தத் தீவுல ஒரு பிள்ளையும் மன்றத்துக்குச் சந்தா கட்டல. பஸ், ஜெர்சி, ஈஸ்டருக்கு ஸ்வீடன்ல போட்டி, எல்லாம் அவரு செலவு. தானமாக் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்காதீங்க."

"மாட்டைப் பார்க்கல. குடுத்தவரத்தான் பார்க்கணும். ஊரை விட்டே ஓடற அளவுக்கு மனுஷன் அப்படி என்னதான் வரி கட்டறார்?" என்றாள் டைவா.

"அதென்ன ரகசியமா?" என்றாள் ரான்வெய். "இன்னிக்குத்தான் எல்லாரோட வரிப் பட்டியலும் ஊர் பார்க்க வந்திருக்கே."

கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தாள். வங்கி அடையாள எண்ணைப் போட்டு வரித்துறைத் தளத்துக்குள் போய்த் தோர்லைவின் பெயரைத் தட்டினாள். அறையிலிருந்த அத்தனை தலையும் அவள் தோளுக்கு மேல் நீண்டது. ஆர்வித்தும் காபிக் கோப்பையோடு எட்டிப் பார்த்தார்.

சொத்து இருநூற்றுப் பத்துக் கோடி குரோனர். வரி இரண்டு கோடியே முப்பது லட்சம். வருமானம் என்ற இடத்தில் பூஜ்யம்.

"பூஜ்யமா?" என்றாள் டைவா. "பாவம்டி. நாளைக்கு இங்க ஒரு உண்டியல் வச்சிடலாம்."

"கீழ பாரு, கீழ பாரு," என்றார் ஆர்வித். "ரெண்டு கோடியே முப்பது லட்சம். ஏழு ஜென்மம் மீன் அறுத்தாலும் நீ கட்டுவியா?"

"ஏழு ஜென்மம் அறுத்தாலும் எனக்கு அந்தச் சொத்து வராதே. அப்புறம் எதுக்குக் கட்டறது?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆர்வித்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு கோப்பையை வைத்தவர், "ஆமா, யார் பேர்ல உள்ள போன?" என்று ரான்வெய்யிடம் கேட்டார்.

"யார் பேர்ல போறது, என் பேர்ல..."

ரான்வெய் பாதியில் நிறுத்தினாள். சிரிப்பும் நின்றுபோயிற்று.

ஸ்கார்வொய் தீவில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. யாருடைய வரியை யார் தேடினாலும், தேடியவரின் பெயர், பிறந்த வருஷம், அஞ்சல் எண் மூன்றும் அந்த ஆளுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் டிசம்பர் வந்தால் நிலப்பகுதியில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குத் தொலைபேசி பறக்கும். 'எங்க பக்கத்து வீட்டுக்காரனை நீ பாரு, உன் மச்சானை நான் பார்க்கறேன்.' போன வருஷம் தன் முன்னாள் கணவனின் சம்பளத்தை ரான்வெய் துரொன்ஹெய்மில் இருக்கும் சித்தி மகளை வைத்துத்தான் பார்த்தாள். அவ்வளவு விவரமானவள் இன்று காபி குடிக்கிற நேரத்தில் அதை மறந்தாள். எட்டிப் பார்த்தது ஒன்பது பேர், பதிவானது ஒருத்தி பெயர். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

"அவருக்கு இதெல்லாம் பார்க்க நேரம் எங்க இருக்கப் போகுது," என்றாள் டைவா. அவள் குரலில் பழைய கேலி இல்லை.

அன்று மாலை முழுக்க ரான்வெய் பதிவை அழிக்க வழி தேடினாள். வழி இல்லை. விரல் தவறிப் பட்டுவிட்டது என்று சொல்லலாமா என்று யோசித்தாள். பெயரும் குடும்பப் பெயருமாக அத்தனை எழுத்தும் எந்த விரலுக்குத் தவறும்? அவரிடமே போய் மன்னிப்புக் கேட்கலாம். கேட்டால் பார்க்காதவரும் போய்ப் பார்ப்பார். கேட்காமல் இருந்தால் வெள்ளிக்கிழமை வரும். உருளைக்கிழங்கு அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் அடுப்பு எரிவதே அவளுக்கு நினைவு வந்தது.

மறுநாள் பயிற்சி முடிந்து வந்த சுன்னிவா தட்டின் முன் உட்கார்ந்தாள். முள்கரண்டியைக் கையில் எடுக்கவில்லை.

"அம்மா, நீ தோர்லைவோட வரியப் பார்த்தியாமே?"

"யார் சொன்னா?"

"ஹால்ல எல்லாருக்கும் தெரியும்."

"பார்த்தா என்ன? யார் வேணா பார்க்கலாம்."

"பார்க்கலாம்தான். யாரும் பார்க்கலயே." சுன்னிவா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னை ஸ்வீடனுக்குக் கூட்டிட்டுப் போவாங்கல்ல?"

"வாயை மூடிட்டுச் சாப்பிடு," என்றாள் ரான்வெய். சொன்ன பிறகு அவளுக்கு அழுகை வந்தது. தண்ணீர் பிடிப்பதுபோல் எழுந்து திரும்பிக்கொண்டாள்.

வியாழக்கிழமை மாலை ஹாலில் சிரமதானம். சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் வீட்டுக்கு ஒருவர் வந்து தரை கழுவ வேண்டும், பெஞ்சு துடைக்க வேண்டும். வராதவர் பெயர் அடுத்த சிரமதானம் வரைக்கும் ஊர் வாயில் கிடக்கும். ரான்வெய்க்குச் சிற்றுண்டிக் கடை. வாஃபிள் மாவைக் கரைத்து இரும்பு அச்சில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கடை மேசையின் ஓரத்தில், மன்றத் தலைவி சோல்ஃப்ரிட் ஒரு கடிதத்தை வைத்து மேலே பேனாவையும் வைத்துவிட்டுப் போயிருந்தாள். 'மந்திரி அவர்களுக்கு. இந்த வரியால் எங்கள் வேலையும் எங்கள் பிள்ளைகளின் விளையாட்டும் பறிபோகும்.' கீழே முப்பதுக்கும் மேற்பட்ட கையெழுத்துகள். ரான்வெய் அதைத் திங்களன்று பார்த்திருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பாள்.

தோர்லைவும் வந்திருந்தார். பழைய கம்பளிச் சட்டையோடு, தரை துடைப்பானைப் பிடித்து ஒரு கோல் முதல் மறு கோல் வரை கோணாமல் துடைத்துக்கொண்டு போனார். அந்தத் தீவில் முதலாளியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதனால் முதலாளி முதலாளி இல்லையென்று ஆகிவிடாது. துடைத்து முடித்ததும் கடைக்கு வந்தார்.

"ஒண்ணு குடு ரான்வெய். பழுப்புச் சீஸ் தாராளமா வை."

அவள் வைத்துக் கொடுத்தாள். அவர் நின்றபடியே பாதியைச் சாப்பிட்டார்.

"நல்லா வந்திருக்கு," என்றவர், அதே குரலில், "திங்கக்கிழமை என் பக்கம் வந்துட்டுப் போனியாமே," என்றார்.

அவள் மாவுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "சும்மா பேச்சுவாக்குல பார்த்தது, தோர்லைவ். தப்பா எதுவும் நினைச்சுக்காதீங்க."

"அட, தப்பே இல்ல. சட்டமே பார்க்கலாம்னுதானே சொல்லுது. ஓஸ்லோலேர்ந்து நூத்துக்கணக்குல பார்த்திருக்காங்க. பத்திரிகைக்காரங்களுக்கு அது பொழப்பு." விரலில் ஒட்டிய சீஸைத் துடைத்துக்கொண்டார். "நம்ம தீவு அஞ்சல் எண்ல ஒரே ஒரு பேருதான் இருந்துச்சு. அதான் கண்ணுல பட்டுது. கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே. பதினோரு வருஷமா நம்மகிட்ட இருக்கறவ."

அவர் வருஷத்தைச் சரியாகச் சொன்னது அவளுக்குப் பிடிக்கவில்லை. அவர் காகிதக் கைக்குட்டையை மடித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் பெஞ்சு தூக்கப் போனார். ரான்வெய் பேனாவை எடுத்தாள். கடிதத்தை மறுபடி படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். போட்ட பிறகு கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. மனிதர் சிரித்துத்தானே பேசினார் என்று வீடு போகும் வரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை உடை மாற்றும் அறைக் கதவில் பட்டியல் ஒட்டியிருந்தது. நான்காவது பெயர் அவளுடையது. இரண்டு தடவை படித்தாள். பிறகு ரப்பர் பூட்ஸைக் கழற்றுவதா மாட்டுவதா என்று தெரியாமல் ஒரு காலில் பூட்ஸோடு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

டைவா நேரே ஆர்வித்திடம் போனாள்.

"ஆறு வருஷம் ஆன நான் இருக்கேன். பதினோரு வருஷம் ஆனவ போறா. இது எந்த ஊர் சீனியாரிட்டி?"

"சீனியாரிட்டி மட்டும் பார்க்கல. யாருக்கு எந்த வேலை தெரியும்னும் பார்த்துப் போட்டது. மேலேர்ந்து வந்துச்சு."

"நானும் அவளும் ஒரே குழாயத்தான் பிடிக்கறோம், ஆர்வித்."

"வரி வருதுல்ல. என்னை என்ன பண்ணச் சொல்ற?"

"இன்னும் பார்லிமெண்டுல ஓட்டே போடல."

"வரும்னு தெரிஞ்சா போதும்," என்றார் ஆர்வித். அவர் கடைசிவரை ரான்வெய் இருந்த பக்கம் பார்க்கவில்லை. டைவா வந்து அவள் காலிலிருந்து பூட்ஸைக் கழற்றிவிட்டாள். "நான்தான்டி வாயைக் கிளறினேன்," என்றாள்.

சனிக்கிழமை அவள் ஹாலுக்குப் போனாள். சிற்றுண்டிக் கடை முறை அவளுடையது. வேலை போனாலும் முறை மாறாது. ஆட்டம் தொடங்க அரைமணி இருந்தது. பிள்ளைகள் பந்தைத் தட்டிச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். ஓஸ்லோவிலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் வந்து கோலுக்குப் பக்கத்தில் விளக்கு நட்டார்கள். தோர்லைவ் அந்த வெளிச்சத்தில் நின்று கொஞ்ச நேரம் பேசினார். பிறகு சோல்ஃப்ரிட் கடைக்கு ஓடி வந்தாள்.

"ரான்வெய், ஒரு நிமிஷம் வாயேன். வேலை போனவங்க ஒருத்தர் பேசணுமாம்."

"வேற யாரையாவது கூப்பிடு. பன்னிரண்டு பேர் இருக்கோம்."

"உன் பேரத்தான் அவரே சொன்னார். உன் பொண்ணும் டீம்ல இருக்கா, படத்துக்கும் நல்லா இருக்கும்னு." சோல்ஃப்ரிட் குரலைத் தாழ்த்தினாள். "புதுசா ஒண்ணும் சொல்ல வேண்டாம். நீதான் கையெழுத்துப் போட்டிருக்கியே. அதையே வாயால சொன்னாப் போதும். ஈஸ்டருக்கு அப்புறம் யாரைத் திரும்ப எடுக்கறதுன்னும் அவங்கதானே பார்ப்பாங்க?"

ரான்வெய் கோல் பக்கம் பார்த்தாள். சுன்னிவா பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரான்வெய் மாவு பட்ட முன்கச்சையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் போனாள்.

வெளிச்சத்தில் கண் கூசியது. தோர்லைவ் நகர்ந்து இடம் விட்டார். அவள் தோளில் கையை வைத்து, "பயப்படாத, சாதாரணமாப் பேசு," என்றார். கை கனமாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தது.

நிருபர் இளம்பெண். அக்கறையான முகம்.

"எத்தனை வருஷமா அங்க வேலை செய்யறீங்க?"

"பதினொண்ணு."

"நேத்து அந்தப் பட்டியல்ல உங்க பேரப் பார்த்தப்போ எப்படி இருந்துச்சு?"

ரான்வெய் விரலில் ஒட்டியிருந்த மாவைத் தேய்த்தாள். நிருபர் காத்திருந்துவிட்டு அடுத்ததைக் கேட்டாள்.

"உங்க வேலை இந்த வரியாலதான் போச்சா?"

முதுகுக்குப் பின்னால் பந்துகள் தரையில் விழுந்து எழும்பிக்கொண்டிருந்தன. தோளிலிருந்த கை அசையவில்லை.

"ஆமா," என்றாள்.

ஒலிக்கருவி வைத்திருந்தவன் காதிலிருந்ததை எடுத்துவிட்டுத் தலையை ஆட்டினான். "பந்துச் சத்தம் ரொம்ப இருக்கு. இவங்க சொன்னது கேட்கல."

நிருபர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். சோல்ஃப்ரிட் கைதட்டி, பிள்ளைகளை ஒரு நிமிஷம் நிறுத்தச் சொன்னாள். பதினான்கு பெண் பிள்ளைகளும் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். பெஞ்சுகளில் பேச்சு அடங்கியது. ஊர் மொத்தமும் உட்கார்ந்திருந்த ஹாலில் மின்விளக்குகளின் ரீங்காரம் மட்டும் கேட்டது.

"இப்ப சொல்லுங்க," என்றாள் நிருபர்.

ரான்வெய் இன்னும் கொஞ்சம் உரக்க, "ஆமா," என்றாள்.