ஒட்டாத நிறம்

காலையில் பிள்ளைகள் எல்லோரும் வட்டமாகக் கைகோத்து நின்றபோது வருண் மட்டும் தன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். பக்கத்தில் நின்ற தஸ்னீம், சூடான் நாட்டுக் குழந்தை, நீட்டிய கையை மடக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசிரியை இஃப்பத் அவனருகே குனிந்தாள்.

"என்னப்பா, கை குடு."

"மாட்டேன் மிஸ். அவ கை கருப்பு. என் மேல ஒட்டிக்கும்."

வருணுக்கு நான்கு வயது. சேலத்திலிருந்து பஹ்ரைனுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. வெறுப்பாகச் சொல்லவில்லை, வெளியே வெயில் அடிக்கிறது என்று சொல்வதுபோலத் தமிழில் சொன்னான். சொல்லிவிட்டு, அவளைத் தொடவே தொடாத கையைக் கால்சட்டையில் ஒருமுறை துடைத்துக்கொண்டான். அந்த அறையில் அது புரிந்தது இஃப்பத்துக்கு மட்டும்தான். பிலிப்பைன்ஸ்காரியான உதவி ஆசிரியை, பாட்டை ஆரம்பிக்கலாமா என்று சிரித்த முகத்தோடு காத்திருந்தாள்.

"மிஸ், அவன் என்ன சொன்னான்?" என்று தஸ்னீம் ஆங்கிலத்தில் கேட்டாள்.

குதைபியா என்ற பகுதியின் உள்தெருவில் ஒரு பழைய வில்லாவில் நடக்கும் மழலையர் பள்ளி அது. அரபி, உருது, மலையாளம், தகலாக் என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஏழெட்டு மொழி கேட்கும். எந்தப் பிள்ளையும் தன் மொழியில் பேசலாம். இன்னொரு பிள்ளை அர்த்தம் கேட்டால், தெரிந்த ஆசிரியை உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். பிள்ளையிடம் பொய் கூடாது. 'கெட்ட பிள்ளை' என்ற சொல் கூடாது. வற்புறுத்தி மன்னிப்புக் கேட்க வைப்பதும் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், லெபனானைச் சேர்ந்த தலைமையாசிரியை நாதியா இதையெல்லாம் சொன்னபோது, ஃபீஸ் கட்டும் பெற்றோருக்கான பேச்சு என்றுதான் இஃப்பத் நினைத்தாள். காயல்பட்டினத்தில் அவள் படித்த பள்ளிக்கூடத்தில் காதைத் திருகினால் மன்னிப்புத் தானாக வந்தது.

"அவனுக்கு இன்னைக்குக் கைகோக்க இஷ்டமில்லையாம்" என்றாள் தஸ்னீமிடம். இருவருக்கும் நடுவில் தானே நின்று, இரண்டு பக்கமும் கையைப் பிடித்துக்கொண்டு பாடினாள்.

தீனி நேரத்தில் தஸ்னீமைக் காணவில்லை. கைகழுவும் தொட்டியருகே குட்டி முக்காலியில் ஏறி நின்றுகொண்டிருந்தாள். முழங்கைவரை நுரை. ஒரு கையை இன்னொரு கையால் தேய்த்து, தண்ணீரில் காட்டி, முகத்தருகே தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி சோப்பை அழுத்தினாள். அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு மும்முரமாகச் செய்தாள். இஃப்பத் கதவோரம் நின்று பார்த்தாள். கூப்பிடவில்லை. திரும்பி நேராக நாதியாவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். தான் மாற்றிச் சொன்னதையும் சொன்னாள்.

நாதியா கோபப்படவில்லை. உண்மையை நீயே போய் அவளிடம் சொல் என்றாள். சொல்லாவிட்டால் அந்த இடத்தில் அதைவிட மோசமான ஒன்றை அவளாகவே நினைத்துக்கொள்வாள் என்றாள். இரண்டு தாய்மாருக்கும் தெரிய வேண்டும். வருணின் அம்மாவிடம் தமிழில் நீ பேசு, தஸ்னீமின் அம்மாவிடம் நான் பேசுகிறேன் என்றாள். அந்த அறையிலிருந்து தொட்டிவரையான சின்ன நடையில், நாலு வயதுப் பிள்ளையிடம் இதை எந்த வார்த்தையால் சொல்வது என்று இஃப்பத்துக்குப் பிடிபடவேயில்லை.

தரையில் மண்டியிட்டு, துண்டால் அந்தச் சின்னக் கைகளைத் துடைத்துவிட்டபடி சொன்னாள். "காலையில நான் உனக்குச் சரியாச் சொல்லலை. உன் கையோட நிறம் அவன் மேல ஒட்டிக்கும்னு சொன்னான். அவன் சொன்னது தப்பு. நான் மறைச்சதும் தப்பு."

"தெரியும். அவன் கையைத் துடைச்சான்ல" என்றாள் தஸ்னீம். பிறகு ஈரக் கையை விரித்துக் காட்டினாள். "சோப்புப் போட்டுப் பார்த்தேன். போகவே இல்ல. ஒட்டாது. அவனோட பாஷையில அவன்கிட்டச் சொல்லுங்க."

அந்தக் குரலில் இருந்தது வலியா, ஒன்றைக் கண்டுபிடித்த பெருமையா என்று இஃப்பத்தால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம். அவளைக் கூட்டிக்கொண்டுபோய் வருணிடம் சொன்னாள். அவன் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு, தஸ்னீமின் புறங்கையை ஒரு விரலால் தேய்த்தான். விரல் நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வரல" என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ அம்மா ஏன் மிஸ் சொன்னாங்க? வெளிய ஆடினா வாட்ச்மேன் மாமா மாதிரி ஆயிடுவேன், அப்பறம் தேய்ச்சாலும் போகாதுன்னு?"

வருணின் அம்மா ரக்ஷிதா மதியம் கார்ச் சாவியோடு வந்தாள். வங்கி வேலை கிடைத்த கணவனோடு இங்கே குடியேறியவள். முகத்துப் பூச்சு கழுத்தைவிட ஒரு படி வெளுப்பாக இருந்ததை இஃப்பத் அன்றுதான் கவனித்தாள். காலியாக இருந்த வகுப்பறையில், குட்டி நாற்காலிகளில் முழங்கால் இடிக்க இருவரும் உட்கார்ந்தார்கள். இஃப்பத் எதையும் குறைக்காமல் சொன்னாள்.

"சின்னப் பையன் மிஸ். ஏதோ உளறியிருக்கான். நீங்களும் தமிழ்தான, காதோட விட்டிருக்கலாம். நீங்களே போயி ஆபீஸ்ல சொல்லணுமா?"

"விடத்தான் பார்த்தேன். அந்தப் புள்ள கையக் கழுவிக்கிட்டே நின்னிச்சு. என்னால முடியலை."

ரக்ஷிதா சாவியை மடியில் வைத்தாள். எதிரே சிதறிக் கிடந்த வர்ணப் பென்சில்களை ஒன்றாகச் சேர்த்தாள். "என்னைய அப்படிச் சொல்லித்தான் வளத்தாங்க" என்றாள். "வெயில்ல போகாத, வெயில்ல போகாதன்னு. எங்கக்கா எறிபந்து ஆடப் போவா, நான் ஜன்னல்ல நின்னு பார்ப்பேன். இவனுக்கும் அதையேதான் சொல்லியிருக்கேன் போல. சொல்றோம்னே தெரியல." பிறகு கேட்டாள். "இப்ப நான் என்ன செய்யணும்? மன்னிப்பு எழுதிக் குடுக்கணுமா? அவனை ஸாரி சொல்லச் சொல்லட்டுமா?"

"இங்க யாரையும் அப்படிச் சொல்ல வைக்கிறதில்ல."

"வச்சிருந்தா ஈசியா இருந்திருக்கும்" என்றாள் ரக்ஷிதா.

அப்போது தஸ்னீமின் அம்மா நாதியாவின் அறையிலிருந்து வெளியே வந்தாள். ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக இருப்பவள். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள். யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று வாசலைத் தாண்டினாள். காரில் தண்ணீர்ப் பாட்டிலை எடுக்கப் போகிறாளா, அழுதுவிட்டு வரப் போகிறாளா, சொல்ல முடியாது. ரக்ஷிதா சட்டென்று எழுந்தாள். நாற்காலி சரிந்தது. "வருணைப் பார்த்துக்கோங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

இஃப்பத் கண்ணாடிக் கதவருகே வந்து நின்றாள். தெருவில் உச்சி வெயில் சுவரெல்லாம் வெள்ளையாகக் கொதித்தது. ரக்ஷிதா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்கவில்லை. ஒரு கை நெஞ்சருகே ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. தஸ்னீமின் அம்மா தன் காரின் கதவைப் பாதி திறந்து பிடித்தபடி, தலையசைக்காமல், கண்ணெடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் வந்த தண்ணீர் லாரி வழி கேட்டு இரண்டு முறை ஹாரன் அடித்தது. இரண்டு பெண்களும் திரும்பவில்லை. கார்க் கதவு பாதி திறந்தபடியே இருந்தது.