வாசலில் ஒரு சீருடை

“அவரு வீட்டுல இல்லீங்களே” என்று சொல்லி அம்மா கதவைப் பாதி சாத்திவிட்டார்.

அப்பா கூடத்திலேயேதான் இருந்தார். விடியற்காலையில் அவர் உயிர் பிரிந்திருந்தது. கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்திய உடலைச் சுற்றி அழுதுகொண்டிருந்தவர்கள்கூட ஒரு கணம் நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார்கள்.

வாசலில் நின்றவர் சீருடையணிந்த காவலர். அம்மாவைக் குறை சொல்வதற்கில்லை. இளமையில் பேருந்துப் பணிமனையில் டீசல் திருடி விற்றதற்காக அப்பா சிறைக்குப் போய் வந்தவர். திருடியது உண்மைதான், ஒருநாளும் அவர் அதை மறுத்ததில்லை. அதன்பின் வட்டாரத்தில் எங்கே எது காணாமல் போனாலும் முதலில் தட்டப்பட்டது இந்தக் கதவுதான். ஒவ்வொரு முறையும் அம்மா இதையே சொல்வார். ஒவ்வொரு முறையும் அப்பா சமையலறையிலிருந்து கையைத் துடைத்தபடி வந்து, “இருக்கேன் சார்” என்பார்.

தையல் வேலைக்கு நடுவே வழக்கறிஞரிடமும் நீதிமன்றத்துக்கும் அலைந்தவள் மகள். சென்ற ஆண்டு தண்டனைப் பதிவை நீக்கி உத்தரவு வந்தது. பறிபோன ஓட்டுநர் உரிமமும் கைக்கு வந்தது; அப்பா பள்ளி வேன் ஓட்டினார். முதல் நாள் காலை, தேய்த்த சட்டையையே மறுபடியும் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார். அந்த நல்ல பெயரோடு தெரு அவரை வழியனுப்பிவிட வேண்டும் என்பது ஒன்றே இன்று அவளுடைய வேண்டுதல்.

“போன மனுஷனையும் தேடி வந்துட்டாங்க பாரு” என்று யாரோ முணுமுணுத்தது கூடம் முழுவதற்கும் கேட்டது.

மகள் எழுந்து சென்று கதவை முழுதாகத் திறந்தாள்.

“இருக்காரு சார். உள்ள வாங்க.”

காவலர் காலணிகளை வாசலில் கழற்றிவிட்டு, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். “விசாரணைக்கு வரலம்மா. என் பொண்ணு உங்கப்பா வேன்லதான் போவா. வேன் தாத்தா காத்துக்கிட்டிருப்பாருன்னு சொன்னாத்தான் படுக்கையை விட்டே எழுந்திருப்பா.”

அப்பாவின் காலருகே தரையில் அமர்ந்தவர், தயங்கித் தயங்கித் தொடர்ந்தார்.

“உங்க மனுவுக்காக இந்தத் தெருவுல விசாரிச்சது நான்தான். எதிர்வீட்டம்மாதான் விடாம சொன்னாங்க, ஊருக்குப் போனா அவர்கிட்டதான் சாவியைக் குடுத்துட்டுப் போவேன்னு. அதை அப்படியே எழுதினேன். அப்புறம் என் பொண்ணையும் அவர் வேன்லயே ஏத்தினேன்.”

எல்லோரும் எதிர்வீட்டு அத்தையைப் பார்த்தார்கள். தெருவில் எவரையும் வாயாரப் புகழ்ந்தறியாதவர் அவர்.

“வேற என்னத்தச் சொல்ல?” என்றார் அத்தை, சிடுசிடுப்பாக. “காலையில வெளிய போற மனுஷன் என் செடிக்கும் தண்ணி ஊத்திட்டுத்தான போவாரு.”

மகள் நகர்ந்து வந்து அத்தையின் கையைப் பற்றிக்கொண்டாள். அத்தை விடுவித்துக்கொள்ளவில்லை.

“நான் சொன்னது... பழக்கத்துல வாயில வந்துடுச்சுங்க” என்றார் அம்மா.

“தெரியும்மா. அன்னைக்கு வந்தப்பவும் அதையேதான் சொன்னீங்க.”

அம்மாவின் முகத்தில் சிரிப்பு போல ஒன்று தோன்றி, அழுகையாகி, அடங்கியது.

வெளியே தூறல் விழத் தொடங்கியது. அம்மா எழுந்து வாசலுக்குப் போனார். செருப்புகளுக்கு நடுவே நனைந்துகொண்டிருந்த அந்தக் கனத்த கறுப்புக் காலணிகளை எடுத்து, முந்தானையால் ஈரத்தைத் துடைத்து, கதவுக்கு உள்பக்கமாக வைத்தார்.