இருவாச்சியின் கைராசி

மழைக்காட்டு ஓரத்து நாற்றங்காலில் வேலை பார்த்தவளுக்குக் கைராசிக்காரி என்றுதான் பெயர். அவள் காய்ந்த குச்சியை நட்டாலும் துளிர்க்குமாம். அந்தப் பெயருக்குத்தான் இப்போது சோதனை. ஒரே ஒரு காட்டு மரத்தின் விதை எட்டு மாதமாக முளைக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஊறவைத்தாள், உரசினாள், கெஞ்சியும் பார்த்தாள். திங்கட்கிழமைக்குள் நூறு கன்று காட்டாவிட்டால் நாற்றங்காலையே மூடிவிடுவதாகத் தலைமை அலுவலகம் கடிதம் போட்டுவிட்டது.

ஜீப் ஓட்டும் அவள் கணவனுக்கு வேறு கவலை. பெரிய அலகுக்காரப் பறவையான இருவாச்சி, காட்டில் வயிறு முட்டப் பழம் தின்றுவிட்டு, அவன் ஜீப்பின் மேல்தான் வந்து எச்சமிடும். ஒரு வருடமாகத் தினமும் கழுவுகிறான்.

"இவ்ளோ பெரிய காட்டுல அதுக்கு வேற எடமே கெடைக்கலையா?" என்று ஞாயிறு காலையிலும் கத்தினான்.

"நானே நொந்து போயிருக்கேன், நீங்க வேற!" என்று வாளியைப் பிடுங்க வந்தவள், ஜீப் கழுவும் தண்ணீர் ஓடும் வாய்க்காலைப் பார்த்து அப்படியே நின்றாள். எச்சத்தோடு கழுவிப் போன விதைகள் முளைத்து, அவளை எட்டு மாதம் அழவைத்த அதே மரத்தின் கன்றுகள் அங்கே நெருக்கியடித்து நின்றன. சந்தோஷமும் வந்தது, வெட்கமும் வந்தது. ஒரு பறவையின் வயிற்றுக்குத் தெரிந்த வேலை தனக்குத் தெரியவில்லையே!

அன்று முழுக்க இருவரும் கன்றுகளைப் பிடுங்கிப் பைகளில் நட்டார்கள். நூற்றுப் பதினான்கு தேறின. பதிவேட்டில் 'விதை நேர்த்தி செய்தவர்' என்ற கட்டத்தில் தன் பெயரை எழுத அவளுக்கு மனசு வரவில்லை. இருவாச்சி என்று எழுதினாள்.

மறுநாள் வந்த அதிகாரி மீன்வளத் துறையிலிருந்து மாற்றலாகி வந்த புதியவர். கன்றுகளை எண்ணிவிட்டு, ஜீப் நின்ற மரத்தடியில் பதிவேட்டைப் புரட்டினார்.

"இருவாச்சி யாரு? ஊழியர் பட்டியல்ல அந்தம்மா பேரே இல்லையே?"

"தினக்கூலி சார். பழம் குடுத்தாப் போதும்" என்றான் கணவன்.

"அடப் பாவமே! எத்தனை வருஷமா?"

"காடு உண்டான நாள்லேருந்து சார்" என்றாள் அவள். "அவங்க விதையைக் கொண்டுபோய்ப் போடலேன்னா பாதி மரம் முளைக்காது."

"முதல்ல கூப்பிடுங்க. நேர்ல பாராட்டணும்."

மேலே கிளை அசைந்தது. அதிகாரியின் வெள்ளைச் சட்டைத் தோளில் சொத்தென்று விழுந்தது. அவர் பதறிக் கைக்குட்டையை எடுக்க, கைராசிக்காரி பாய்ந்து தடுத்தாள்.

"துடைச்சுடாதீங்க சார், மூணு விதை இருக்கு!"

அவள் பொறுக்கி முடிக்கும்வரை அவர் மூச்சுவிடாமல் நின்றார். பிறகு மெல்லத் தலையைத் தூக்கி மேலே பார்த்தார்.

"நாற்றங்காலை மூட வேண்டாம்மா" என்றார். "எனக்கு மட்டும் ஒரு குடை கொடுங்க."