எச்சில் பாட்டில்

ஒரு ஆம்பளையோடு குடித்தனம் நடத்தப் போனால் அவனுடைய குறட்டை கூடவே வரும், நாற்றமடிக்கும் சாக்ஸ் வரும், செத்துப்போன அவன் அம்மாவின் ஓட்டை நாற்காலியும் வரும். இதெல்லாம் ரோண்டாவுக்குத் தெரியாதது இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் டாரல் வித்ரோவோடு அவன் எச்சிலும் வரும், அதுவும் பாட்டில் பாட்டிலாக வரும் என்பதைத்தான் அவள் சரியாக யோசிக்கவில்லை.

டாரல் சிகரெட் பிடிக்க மாட்டான். அதைப் பெரிய யோக்கியதை மாதிரி சொல்லிக்கொள்வான். முப்பது வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். உள்ளே தீக்குச்சி கிழிக்க முடியாது என்பதால் அந்த மலைப்பக்கத்து ஆம்பளைகளில் பாதிப் பேர் ஈரப் புகையிலைத் தூளைக் கிள்ளிக் கீழுதட்டுக்குள் அதக்கிக்கொள்வார்கள். சுரங்கத்தை விட்டு வந்தபிறகும் டாரலைப் பழக்கம் விடவில்லை. ஊறுகிற சாற்றை விழுங்க முடியாதே, துப்பியாக வேண்டும். துப்புவதற்கு ஒரு காலி பாட்டில். மேற்கு வர்ஜீனியாவில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது ஒன்றும் புதுசு இல்லை. அவள் அப்பனும் துப்பினான், மாமனும் துப்பினான். ஆனால் அவர்கள் யாரும் அவள் பல் துலக்கும் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் துப்பவில்லை.

ஏப்ரலில் அவன் வீட்டுக்குக் குடி போனாள். முதல் வாரமே குளியலறைத் தொட்டியில் கருப்புத் துகள்கள் ஒட்டிக்கிடந்தன. தலையணை உறையில் பழுப்புக் கறை. சோபாவுக்கு அடியில் துடைப்பத்தை விட்டால் ஒரு பாட்டில் உருண்டு வந்தது, என்றைக்குத் துப்பியதோ, மேலே பாசி மாதிரி ஏதோ படர்ந்து. ரோண்டா அதை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டுபோய் அவன் முன்னால் நீட்டினாள்.

"யோவ், இது என்ன கருமம்?"

"ஐயோ, அது அங்கயா கெடக்கு? நாலு நாளாத் தேடறேன்."

"தேடினியா? எதுக்கு, திரும்ப ரொப்பவா?"

"கோவிச்சுக்காத கண்ணு. இனிமே வீட்டுக்குள்ள கெடையாது. சத்தியமா."

அவனுடைய சத்தியம் புதன்கிழமை வரை தாங்கியது.

அவளுக்கே அவள்மேல் ஆச்சரியம். முதியோர் இல்லத்தில் இருபத்தாறு வருஷமாக உதவியாளர் வேலை. மலம், மூத்திரம், வாந்தி, படுக்கைப் புண், எதற்கும் அவள் முகம் சுளித்ததில்லை. "உனக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கா, இல்ல வெறும் அலங்காரமா?" என்று கூட வேலை பார்க்கும் ஜோலீன் கேட்பாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு மனுஷனின் எச்சில் ஏன் இப்படிக் குமட்ட வேண்டும்? அங்கே கையில் உறை இருக்கிறது, இங்கே இல்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அங்கே இருப்பவர்களை யாரும் முத்தமிடச் சொல்வதில்லை.

டாரலை அவள் பார்த்ததே அந்த இல்லத்தில்தான். அவன் அப்பா கடைசி ஐந்து மாதம் அங்கே கிடந்தார். டாரல் தொப்பியை முழங்காலில் கவிழ்த்துவைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பான். அவள் கிழவரைக் குளிப்பாட்டுவதையும் ஊட்டுவதையும் வாய் துடைப்பதையும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பான். கிழவர் ஜனவரியில் போய்ச் சேர்ந்தார். ஏப்ரலில் ஒருநாள் அவள் வேலை முடிந்து வெளியே வந்தால், இவன் தன் வண்டிமேல் சாய்ந்துகொண்டு நிற்கிறான்.

"எங்க வீட்ல எடம் சும்மாதான் கெடக்கு, ரோண்டா. நீ வந்து இருந்தா நல்லாருக்கும். ஞாயித்துக்கிழமை ஆனா எங்கயாவது கூட்டிட்டுப் போறேன். காலைல கெளம்பி ராத்திரிக்குள்ள வந்துரலாம்."

முதல் பேச்சுக்கு அவள் மயங்கவில்லை. கடைசிப் பேச்சில்தான் விழுந்தாள். எங்கே போகலாம் என்று அவளை இதுவரை யார் கேட்டிருக்கிறார்கள்? முதல் புருஷன் லாரி டிரைவர். நாடு முழுக்கச் சுற்றினான், அவளை மட்டும் மளிகைக் கடை தாண்டிக் கூட்டிப்போனதில்லை. அதற்குப் பிறகு அவள் பார்த்ததெல்லாம் அடுத்தவர்களின் படுக்கை விரிப்பு. துடைக்கவும் தூக்கவும் அவளைத் தேடியவர்கள் நிறையப் பேர். பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஒரு மலையைக் காட்டுவதற்கென்று தேடியவன் இவன் ஒருத்தன்தான். நாலு வருஷம் காத்திருந்து கிடைத்த, அரசாங்கத்தின் குறைந்த வாடகை வீட்டை அதற்காகத்தான் விட்டுக்கொடுத்தாள். சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்றைக்கே அதில் வேறொரு அம்மாள் பெட்டி படுக்கையோடு நின்றாள். இனி அங்கே திரும்பிப்போக வழியில்லை.

அவனும் சொன்னபடி கூட்டிப்போனான், அதில் குறை சொல்ல முடியாது. மே மாதம் அருவி. அப்புறம் கூரை போட்ட பழைய மரப்பாலம். மலை ஏறுகிற நீராவி ரயிலில் ஒருநாள் முழுக்க. ஒவ்வொரு ஞாயிறும் வழியில் ஏதாவது ஒரு கடையில் பெப்பரோனி என்கிற காரமான இறைச்சித் துண்டு வைத்த ரொட்டியும் இரண்டு பாட்டில் இனிப்புத் தேநீரும் வாங்குவான். ரோண்டா உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பாள், சின்னப் பெண் மாதிரி.

அந்தச் சந்தோஷத்துக்கு நடுவிலும் அவன் துப்புவான். தேநீர் குடித்துக் காலியான பாட்டிலுக்குள், வண்டியை ஓட்டிக்கொண்டே, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல், 'ப்ச்' என்று. அருவியைப் பார்த்து "எவ்ளோ அழகு பாரு" என்பான், உடனே ஒரு 'ப்ச்'. சில சமயம் குறி தப்பித் தாடியில் ஒரு கோடு வழியும், புறங்கையால் துடைப்பான், அதே கையால் அவள் தொடையைத் தட்டுவான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மலையைப் பார்ப்பாள். ஒரே ஒரு கண்டிப்பு மட்டும் வைத்திருந்தாள்: துப்புகிற பாட்டில் அவன் பக்கத்துக் கதவுப் பையில் இருக்க வேண்டும், குடிக்கிற பாட்டில் நடுவில். அதை மட்டும் அவன் ஒழுங்காகக் கடைப்பிடித்தான்.

அக்டோபர் கடைசியில், இலையெல்லாம் பழுத்துச் சிவந்திருந்த ஒரு ஞாயிறு, மலை உச்சிக்குப் போனார்கள். கீழே ஆறு தெரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தினான். அவனுக்கு அன்றைக்கு என்னவோ ஞாபகமே சரியில்லை. வழி முழுக்கப் பேச வாயெடுப்பதும் நிறுத்துவதுமாக இருந்தான். ரோண்டா பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டி, நடுவிலிருந்த பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, நன்றாக ஒரு வாய் குடித்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது. கெட்டியாக இருந்தது. நூல் மாதிரி இழுபட்டது. பாதி உள்ளே போன பிறகுதான் அவளுக்கு விளங்கியது.

கதவைத் திறந்துகொண்டு சரளைக்கல்லில் மண்டியிட்டாள். காலையில் தின்றது, அதற்கு முன்னால் தின்றது, எல்லாம் வெளியே வந்தது. குடிக்கத் தண்ணீர் கூட இல்லை. நாக்கைக் காகிதக் கைக்குட்டையால் வழித்து வழித்து எடுத்தாள். வண்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. அழுகிறானோ என்று திரும்பிப் பார்த்தாள். ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"மன்னிச்சுக்க, கண்ணு... மாத்தி வச்சிட்டேன்... ஐயோ, உன் மூஞ்சியப் பாக்கணுமே..."

இவனையெல்லாம் பெற்றவளைச் சொல்ல வேண்டும். ரோண்டா வாயைத் துடைத்து, காகிதத்தைக் கசக்கப் போனவள் நிறுத்தினாள். வெள்ளைக் காகிதத்தில் பழுப்புக்கு நடுவே சிவப்பாக இழை இழையாக ஓடியது. தன் வாயில் அடிபட்டதா என்று விரலை விட்டுப் பார்த்தாள். இல்லை. எழுந்து வந்து பாட்டிலை வெயிலில் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினாள். உள்ளேயும் அதே சிவப்பு.

"இது என்னய்யா?"

"எது?"

"ரத்தம்."

சிரிப்பு நின்றது. "ஈறுல கசியும். வயசாச்சுல்ல."

"யார்கிட்ட கத விடற? வாயத் தொற."

"இங்கயா? அங்க ஆளுங்க நிக்கறாங்க, ரோண்டா."

"நிக்கட்டும். தொறன்னா தொற."

திறந்தான். அவள் கீழுதட்டை இழுத்துப் பார்த்தாள். புகையிலைத் துகளுக்கு அடியில், ஈறை ஒட்டி, காசளவுக்குத் தடித்த புண். ஓரமெல்லாம் வெளுத்து, நடுவில் பள்ளம். இல்லத்தில் இந்த மாதிரிப் புண்ணோடு வந்த மூன்று பேரை அவள் பார்த்திருக்கிறாள். மூன்று பேருக்கும் கடைசித் துணி மாற்றியது அவள்தான்.

"டாக்டர் பாத்தாரா?"

"ம்."

"என்ன சொன்னாரு?"

"கேன்சராம்." மழை வருமாம் என்பது போலச் சொன்னான். "நவம்பர்ல ஆபரேஷன். தாடை கொஞ்சம் எடுக்கணுமாம்."

"எப்பத் தெரியும் உனக்கு?"

டாரல் கீழே ஆற்றைப் பார்த்தான்.

"எப்பன்னு கேட்டேன்."

"மார்ச்ல."

மார்ச். அவன் வண்டிமேல் சாய்ந்து நின்று கேட்டது ஏப்ரல்.

"எனக்குப் பயம், கண்ணு. அதான் சும்மா தள்ளித் தள்ளிப் போட்டேன். அப்புறம் குழாய் வழியாத்தான் சாப்பாடாம், ரொம்ப நாளைக்கு. பேச்சு வராதாம். கூட இருந்து பாத்துக்க ஆள் இருக்கான்னு அப்பவே கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"இருக்காங்கன்னேன்."

"அப்ப நான் உன் வீட்லயே இல்லையே."

"இல்லதான்."

அவள் கத்தாததைப் பார்த்து அவனுக்குத் தைரியம் வந்துவிட்டது. மனசிலிருந்த பாரத்தை இறக்குகிறவன் மாதிரி பேசினான்.

"எங்கப்பாவ நீ பாத்துக்கிட்டத நான் தெனம் பாத்தேன். ஒருநாள் கூட நீ மூஞ்சி சுளிக்கல. எனக்கும் இப்படி ஒருத்தி இருந்தாப் போதும்னு அப்பவே நெனச்சேன். ஆனா சும்மா வந்து செய்னு கேக்க எனக்கு மனசு வரல, ரோண்டா. நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல. அதான், மொதல்ல உன்ன நாலு எடம் கூட்டிட்டுப் போவோம், நீ சந்தோஷமா இரு, அப்புறம் சொல்லிக்கலாம்னு. இன்னிக்குத்தான் சொல்றதா இருந்தேன்."

இதைச் சொல்லிவிட்டு அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். பாராட்டை எதிர்பார்க்கிறான், படுபாவி.

அருவி, பாலம், ரயில், அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பூசிக்கொண்ட உதட்டுச்சாயம், எல்லாம் சேர்ந்து அவள் தொண்டைக்கு வந்தன. வயிற்றில் ஒன்றும் மிச்சமில்லை, ஆனாலும் ஓங்கரித்தது. எச்சிலைக் குடித்ததில் இதில் கால்வாசி அருவருப்பு கூட இல்லை. அது வாய் கொப்பளித்தால் போய்விடும். ஆறு மாதமாக இவன் முன்பணம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறான், அவள் அதை ஆசை என்று வாங்கி வாங்கி வைத்திருக்கிறாள். தன்மேலேயே அவளுக்குச் சீ என்று இருந்தது.

"ஒரு ஞாயித்துக்கெழமையாவது," என்றாள், "எனக்காக, சும்மா கூட்டிட்டுப் போனியா?"

டாரல் யோசித்தான். அந்த மனுஷன் உட்கார்ந்து யோசித்தான். யோசித்துக்கொண்டே, பழக்க தோஷம், கை சட்டைப் பையிலிருந்த தகர டப்பாவை எடுத்தது, விரல் மூடியைத் திறந்தது, ஒரு சிட்டிகை கிள்ளி அந்தப் புண்ணின் மேலேயே கொண்டுபோய் வைத்தது.

"அந்த ரயில்ல போனது," என்றான் கடைசியில். "அது எனக்குமே நல்லா இருந்துச்சு."

ரோண்டா அவன் பக்கத்துக் கதவைத் திறந்தாள். "நகரு. நான் ஓட்டறேன்."

அவன் நகர்ந்து உட்கார்ந்தான். அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள். எங்கே போவது? விட்டுவந்த வீட்டில் வேறொருத்தி பூந்தொட்டி வைத்திருக்கிறாள். ஜோலீன் வீட்டில் ஏற்கெனவே ஏழு பேர். இறங்கிப் போனால் இந்த ஆள் நவம்பரில் தனியாகக் கிடப்பான், யாரோ ஒருத்தி கை உறை மாட்டிக்கொண்டு இவன் வாயைத் துடைப்பாள், நேரத்துக்கு வரவும் மாட்டாள். அதை நினைத்தாலும் அவளுக்குப் பொறுக்கவில்லை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

"நவம்பர்ல நான் வரேன்," என்றாள். "குழாய் மாட்டறேன், குளிப்பாட்டறேன், வாய் தொடைக்கறேன். எனக்குத் தெரிஞ்ச வேலதான்."

டாரலுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்குத் தெரியும், கண்ணு, நீ விட்டுட்டுப் போக மாட்டன்னு..."

"இரு, நான் இன்னும் முடிக்கல. கண்ணுன்னு இனிமே கூப்பிடாத. இன்னிக்கு ராத்திரிலேர்ந்து உங்கப்பா ரூம்ல நீ படு. வேலைன்னா வேல மாதிரி இருக்கட்டும். வாரத்துல ஆறு நாள் நான் பாக்கறேன். ஞாயித்துக்கெழம எனக்கு லீவு. அன்னிக்கு வேற ஆள் வச்சுக்க."

அவன் உதட்டைத் துருத்திக்கொண்டு, எங்கே துப்புவது என்று தெரியாமல், அவளையே பார்த்தான். கடைசியில் விழுங்கிவிட்டான்.

"லீவுல நீ என்ன பண்ணுவ?"

"ஊர் சுத்தப் போவேன்."

"யாரு கூட?"

"உன் வண்டியிலதான்," என்று ரோண்டா சாவியைத் திருகினாள். "தனியா."