போட்டோவுக்கு அலையாத்தி

முட்டுக்காட்டுக் காயலில் பாதியை மண்ணடித்துத் தூர்த்த வீட்டுமனைக் கம்பெனி, சுற்றுச்சூழல் தினத்தன்று கல்லூரிப் பிள்ளைகளைப் பஸ்ஸில் அழைத்துவந்து, ஆளுக்கொரு அலையாத்திக் கன்றைக் கையில் கொடுத்தது. போட்டோ எடுத்து முடித்ததும், கன்றுகளைத் திரும்ப வேனில் ஏற்றச் சொன்னார் மேனேஜர்.

"நட வேணாவா சார்?" என்றாள் கோவளத்து சுராயா.

"நர்சரில வாடகைக்கு எடுத்ததும்மா. அதான் போட்டோ வந்துட்ச்சே, இன்னும் இன்னா?"

சுராயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுக்கு பிளாஸ்டிக் செடியே வாங்கியிருக்கலாமே சார்" என்றவள், தன் கன்றோடு சேற்றில் இறங்கினாள். அவளோடு படிக்கும் சாமும் இறங்கினான். பிறகு எல்லோருமே இறங்கிவிட்டார்கள்.

"ஏய், மேல வாங்க!" என்று கத்தினார் மேனேஜர். ஷூவில் சேறு படுமே என்று கரையை விட்டு ஓரடிகூட நகரவில்லை. அவரை யாரும் திரும்பிப் பார்க்கவுமில்லை. கடைசிக் கன்றை நட்டபோது அவர் நர்சரிக்காரரிடம் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார்.