போஸ்னானில் ஒரு காலிக் கட்டில்

கம்பெனி பஸ் சிப்காட் வளைவில் திரும்பும்போது ரூபாவின் போனில் அந்த வாய்ஸ் மெசேஜ் வந்தது. வெளியே விடியாத பனி. போனைக் காதோடு அழுத்திக் கேட்டாள்.

"ரூபா, பயப்படாத. ஏஜெண்ட் குடுத்த அட்ரஸ்ல ரூமே இல்ல. அங்க வேற யாரோ குடும்பம் இருக்குது. அந்தாளுக்கு சாயந்தரத்துல இருந்து போன் பண்றன், எடுக்கவே இல்ல. ஸ்டேஷன்ல ஒக்காந்திருந்தன், சாத்தணும்னு வெளிய அனுப்பிட்டாங்க. வாசல்லதான் இருக்கறன். ஒரே பனி. சார்ஜ் வேற கம்மியா இருக்குது."

பயப்படாதே என்று சொன்னவனின் பற்கள் தந்தியடிப்பது நன்றாகவே கேட்டது.

ஆனந்தராஜ் அவள் கணவன். ஓசூரில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தவன், முந்தாநாள்தான் போலந்து நாட்டுக்கு வேலைக்குப் போயிருந்தான். போஸ்னான் என்ற ஊர். அங்கே இப்போது நடுராத்திரி தாண்டியிருக்கும். ரூபா திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். ஒரு தடவைகூட ரிங் போகவில்லை. மெசேஜ் ஒன்று அனுப்பி வைத்தாள். அதற்குள் பஸ் கம்பெனி கேட்டுக்குள் நுழைந்துவிட்டது.

உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. லாக்கரில் வைத்துவிட்டால் ஷிப்ட் முடிந்து மத்தியானம்தான் கையில் கிடைக்கும். நடுவில் வேண்டுமென்றால் கேட் பாஸ் வாங்கிக்கொண்டு வெளியேறிவிட வேண்டியதுதான். வெளியேறி என்ன செய்ய? போஸ்னானில் அவளுக்கு யாரைத் தெரியும்? போனை லாக்கருக்குள் வைக்கும்போது, குளிரில் நிற்கும் கணவனையே உள்ளே வைத்துப் பூட்டுவது போலிருந்தது.

போஸ்னானில் யாரைத் தெரியும் என்று கேட்டோமே, ஒருவனைத் தெரியும். அசெம்பிளி லைனில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து வேலை செய்கிற கவிப்ரியாவின் அண்ணன் தமிழரசன் இரண்டு வருடமாக அதே ஊரில்தான் இருக்கிறான். சாமல்பட்டிக்காரன். தீபாவளி சமயத்தில் கேன்டீனில் சோற்றைப் பிசைந்துகொண்டே கவிப்ரியா கேட்டிருந்தாள். "அண்ணன் ரூம்ல ஒரு கட்டில் காலியா இருக்குதாம். நம்ம பக்கத்து ஆளு யாராச்சும் வந்தா நல்லா இருக்கும்னு சொல்லுது. உங்க வீட்டுக்காரரு கம்பெனில யாராச்சும் போறாங்களா, கேட்டுச் சொல்லு." அதற்கு முன்பே ஆனந்தராஜின் பாஸ்போர்ட்டில் விசா ஒட்டியாகியிருந்தது. ரூபா தயிர்சாதத்தை மென்றுகொண்டே, கேட்டுப் பார்க்கிறேன் என்றாள்.

ஏனென்றால், வேப்பனப்பள்ளியிலிருந்து மாமியார் நாராயணம்மாவின் உத்தரவு அப்படி. "வெளிநாடு போற பையன். ஊரு கண்ணு பொல்லாதது. மொத சம்பளம் வாங்கற வரைக்கும் வாயத் தொறக்காத." ரூபாவுக்கும் அதே பயம்தான், பழியை மாமியார் தலையில் மட்டும் போடுவது நியாயமில்லை. மிஷின் டிரெயினிங்குக்குக் கோயமுத்தூர் போயிருக்கிறார் என்று லைன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது. எதிரிலேயே கட்டில் இருக்க, முகம் தெரியாத ஏஜெண்ட் அனுப்பிய ரூம் போட்டோவை நம்பினார்கள்.

லைனில் தொப்பி, மாஸ்க், கோட்டு எல்லாம் போட்டபின் எல்லோரும் ஒன்றுதான். கண்கள் மட்டும் தெரியும். ரூபாவின் கையிலிருந்து பொடி ஸ்க்ரூ ஒன்று கீழே விழுந்தது, இன்னொன்றும் விழுந்தது. குளிரில் தூங்கிப்போனால் எழுந்திருக்க மாட்டார்கள் என்று எங்கோ கேட்டது ஞாபகம் வந்தது. ஆனந்தராஜ் உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறவன்.

"கவி, என் வீட்டுக்காரரு கோயமுத்தூர்ல இல்ல" என்றாள்.

"பின்ன?"

"போலந்துல இருக்காரு. உங்க அண்ணன் இருக்கற ஊருலதான்."

கவிப்ரியாவின் கை நின்றது. "எப்ப போனாரு?"

"முந்தாநாளு."

"விசா?"

பொய் சொல்ல இனித் தெம்பில்லை. "தீபாவளிக்கு முன்னயே வந்துடுச்சி."

மாஸ்க்குக்கு மேலிருந்த கண்கள் அவளையே பார்த்தன. பிறகு வேலைக்குத் திரும்பின. ரூபா மீதியையும் கொட்டினாள். ரூம் இல்லை, ஸ்டேஷன் வாசலில் நிற்கிறார், கூப்பிட்டால் போன் போகவில்லை. "செத்துப்போயிடுவாரு கவி."

"அவரு நம்பர் சொல்லு."

கவிப்ரியா அதை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கையைத் தூக்கினாள். சூப்பர்வைசர் ஹரீஷ்குமார் முணுமுணுத்துக்கொண்டே கேட் பாஸ் எழுதினார். கவிப்ரியா திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள். ஒரே லைனில் இரண்டு பேரை விடமாட்டார்கள் என்பதால் ரூபா உட்கார்ந்தே இருந்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு வந்த பயங்களுக்கு அளவில்லை. தமிழரசன் தூக்கத்தில் போனை எடுக்க வேண்டுமே. அந்த நேரத்தில் எழுந்து, முன்பின் தெரியாத ஒருவனைத் தேடிப் பனியில் போக வேண்டுமே. நான் கவியாக இருந்தால் இவ்வளவுக்குப் பிறகு போன் பண்ணுவேனா என்று யோசித்தாள். பதில் பிடிக்கவில்லை. இதற்கு நடுவே, விஷயம் வெளியே வந்துவிட்டதே, இனி என்ன ஆகுமோ என்று ஒரு பயமும் வெட்கமில்லாமல் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தாள். ஆனந்தராஜிடமிருந்து ஒன்றும் இல்லை. காலையில் அவள் அனுப்பிய மெசேஜ் ஒற்றை டிக்கோடு நின்றது. கவிப்ரியாவிடமிருந்தும் ஒன்றும் இல்லை. பஸ்ஸுக்கு ஓடினாள்.

காலையிலேயே வெளியே போன கவிப்ரியா, வீட்டுக்குப் போகாமல் காத்திருந்து, பஸ்ஸில் அவர்களுடைய வழக்கமான சீட்டில் உட்கார்ந்திருந்தாள். தன் போனை நீட்டினாள். போட்டோவில் குறுகலான ஓர் அறை. இரண்டு கட்டில்களுக்கு நடுவே தரையில், கம்பளிகளுக்குள் ஆனந்தராஜின் முகம்.

"தூங்கறாரு. ஒண்ணும் ஆவல. அண்ணன் போயி பாக்கறப்ப செவுத்தோரமா குந்தினபடி தூங்கிட்டாராம். கன்னத்துல அறைஞ்சுதான் எழுப்புச்சாம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா..."

ரூபா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, என்ன கேட்கிறோம் என்று தெரியாமலே கேட்டாள். "ஏன் கீழ படுத்திருக்காரு?"

"கட்டில அண்ணன் போன வாரம்தான் ஒரு ஆந்திராப் பையனுக்குக் குடுத்துச்சி. அதுவரைக்கும் காலியாதான் வெச்சிருந்துச்சி."

ரூபாவால் அவள் கண்களைப் பார்க்க முடியவில்லை. பஸ் நிரம்பியது. முன் சீட்டுப் பெண் திரும்பி, ரூபா ஏன் அழுகிறாள் என்று கேட்டாள்.

கவிப்ரியா போனைப் பைக்குள் போட்டாள். "அவ வீட்டுக்காரருக்குக் கோயமுத்தூர்ல ரூம் கெடைக்கலையாம். இப்ப கெடைச்சிடுச்சி" என்றாள்.

பஸ் கிளம்பியதும் ரூபாவின் பக்கம் லேசாகச் சாய்ந்தாள்.

"யாருகிட்டயும் சொல்லல. பயப்படாத" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.